பக்கத்து வீட்டு சிகரெட் புகை: கதவைத் தட்டுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: அண்ணா, ஜெர்மனிக்கு வந்து இது எங்களுக்கு முதல் குளிர்காலம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கிறார். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேராக உள்ளே வருகிறது. சாத்தி வைத்தாலும் குளியலறையில் அந்த வாடை போகமாட்டேன் என்கிறது. கைக்குழந்தை வேறு இருக்கிறது. போலீசில் சொல்லிவிடலாம் என்கிறார் கணவர். வந்த இடத்தில் முகம் தெரியாத மனிதரோடு வம்பு எதற்கு என்று எனக்குப் பயம். என்ன செய்வது?

பதில்: போலீஸ் வேண்டாம் தங்கச்சி. தன் வீட்டு பால்கனியில் புகைப்பது ஜெர்மனியில் குற்றமில்லை. வந்தாலும் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நாளைக்கு மாடிப்படியில் அவர் எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போவதுதான் மிச்சம்.

அதற்காக "அவர் வீடு, அவர் இஷ்டம்" என்று பொறுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிற வழக்கு ஒன்று உண்டு. பிராண்டன்பர்க் மாநிலத்தில் பிரெம்னிட்ஸ் என்ற ஊர். மேலே ஒரு தம்பதி, கீழே புகைபிடிக்கிற தம்பதி, ஒன்றன் மேல் ஒன்றாக பால்கனிகள். மேல் வீட்டார் போட்ட வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 16 அன்று அதைத் திருத்தியது. புகைக்க அவருக்கு உரிமை உண்டு, புகையில்லாமல் பால்கனியில் உட்கார இவருக்கும் உரிமை உண்டு, தொந்தரவு உண்மையிலேயே பெரிதாக இருந்தால் இருவரும் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றது. சில மணி நேரம் அவர் புகைக்கக் கூடாது, மற்ற நேரத்தில் புகைத்துக்கொள்ளலாம். எத்தனை மணி, எப்போது என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது என்று கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

எப்போதாவது வரும் லேசான வாடைக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. உடல்நலத்தைக் காரணம் காட்டினால், திறந்தவெளியில் புகைப்பதால் பக்கத்து வீட்டாருக்கு ஆபத்தில்லை என்ற இடத்திலிருந்துதான் நீதிமன்றம் தொடங்கும். உண்டு என்று காட்டுகிற பொறுப்பு உங்கள் தலையில். குழந்தையைச் சொன்னால் பேச்சில் எடுபடும், வழக்கில் அது மட்டும் போதாது.

ஆனால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கீழ் வீட்டில் போய்க் கேட்க வேண்டியது "புகைக்காதீர்கள்" என்று அல்ல. அது அவர் கொடுக்க முடியாத ஒன்று. நேரத்தைக் கேளுங்கள், அல்லது இடத்தைக் கேளுங்கள். "நாங்கள் மேல் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். குழந்தையை இரவு எட்டு மணிக்குத் தூங்க வைப்போம். அதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து அறையைக் காற்றாட விடுவோம். ஏழரையிலிருந்து எட்டு வரை மட்டும் பால்கனியின் அந்தப் பக்க மூலையில் நின்று புகைக்க முடியுமா?" இவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் புகை மேலே போய் ஒரு அறைக்குள் நுழைகிறது என்பதே தெரியாது. அவர் சிகரெட்டும் கையுமாக நிற்கும்போது மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள், நாடகம் மாதிரி தெரியும். மொழி தடுமாறினால் இரண்டு வரி எழுதி, உங்கள் பெயரும் போன் நம்பரும் போட்டு அவர் தபால் பெட்டியில் போடுங்கள். மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

பேசியும் பலனில்லை என்றால் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எந்த அறை, எவ்வளவு நேரம் வாடை நின்றது, வீட்டில் வேறு யார் இருந்தார்கள். உங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்கு அதையே கடிதமாக எழுதுங்கள். இது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். டுசல்டார்ஃபில் நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்த ஒருவரை, அவர் பிடிக்கும் சிகரெட் புகை மாடிப்படிவரை பரவுகிறது என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2015-இல் திரும்பி வந்தது. கடைசியில் 2016-இல் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. அவ்வளவு பெரிய தொந்தரவு என்பதற்குச் சாட்சியம் போதவில்லை. நோட்டில் இருப்பதுதான் அங்கே எடுபடும்.

வாடகையை நீங்களாகவே குறைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த உரிமை இருக்கிறது, ஆனால் தப்புக் கணக்குப் போட்டால் பாக்கி என்று வீட்டையே காலி செய்யச் சொல்ல வழி உண்டு. முதலில் உங்கள் நகரத்து வாடகைதாரர் சங்கத்தில், அதாவது மீட்டர்ஃபெராயினில், உறுப்பினராகி அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி குளியலறை. அது வேறு சமாச்சாரம், பால்கனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளே சூடான காற்று மேலே ஏறும், கீழ் மாடிகளில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். கீழ் வீட்டில் உள்ளது அப்படியே மேலே கசியும். கோடையில் இல்லாத வாடை குளிர்காலத்தில் வருவதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிக்கு நாமே காரணமாக இருப்போம். வாடை வந்தவுடன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறோம் இல்லையா? ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது அந்த ஃபேன் வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். அது பக்கத்து வீட்டுச் சந்துகள் வழியாகத்தான் வரும்.

சோதித்துப் பார்க்கலாம். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிட்டு, வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து டார்ச் அடியுங்கள். குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் பின்னால் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை தெரியும். டிஷ்யூவை அதன் எதிரே பிடியுங்கள். உங்கள் பக்கம் பறந்தால் புகை வரும் வழி அதுதான். வாசல் கதவின் அடியிலும், பொதுச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டின் ஓரத்திலும் இதே மாதிரி பாருங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி அடைக்கச் சொல்லலாம். சிலிகான் பூசுகிற சின்ன வேலை. கதவடிக்கு ரப்பர் பட்டை. ஆனால் ஃபேனின் குழாயையோ காற்றுத் துளைகளையோ அடைக்க வேண்டாம், கேஸ் ஹீட்டர் உள்ள வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. ஃபேன் ஓடும்போது வெளிப்பக்க ஜன்னல் ஒன்றை லேசாகத் திறந்து வைத்தால் பாதி தொல்லை அன்றைக்கே குறையும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் ஹெப்பா வடிகட்டி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். அது துகளைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், நல்ல எடையோடு. அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது, காற்றைச் சுத்தம் செய்தோ காற்றோட்டம் வைத்தோ முழுசாகத் தடுக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை சொல்லியாகிவிட்டது.

இன்னொரு கேள்வி: அண்ணா, நான் எதிர்க்கட்சி. சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில், ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். என் அறை ஜன்னலோரம்தான் புகைப்பேன். மேல் வீட்டு அம்மா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். என் அறையில் நான் புகைக்கக் கூடாதா? அபராதம் போடுவார்களா?

பதில்: தம்பி, அறைக்குள் புகைப்பதற்கு அபராதம் இல்லை. ஆனால் அறைக் கதவைத் தாண்டி, வீட்டுக் கதவையும் தாண்டிவிட்டால் கதை மாறும். தாழ்வாரம், மாடிப்படி, லிஃப்ட் வாசல், கீழ்த்தளத் திறந்தவெளி எல்லாமே தடை, பெரும்பாலானவை 2013 ஜனவரி முதல். பிடிபட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நீதிமன்றத்துக்குப் போனால் 1,000 வெள்ளிவரை. பேருந்து நிறுத்தத்திலிருந்து 5 மீட்டருக்குள்ளும் கூடாது. ஜன்னலோரத்தையும் பால்கனியையும் தடை செய்ய வேண்டும் என்று 2020-இல் நாடாளுமன்றத்தில் லூயிஸ் இங் கேட்டார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத்தான் அமல்படுத்த முடியும், அது தனியுரிமையில் தலையிடுவதாகும் என்று அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு "சட்டம் என் பக்கம்" என்று அந்த அம்மாவிடம் பேசிவிடாதீர்கள். 2015-இல் வந்த சமூகப் பூசல் தீர்வுச் சட்டத்தில், அண்டை வீட்டாரின் நிம்மதியைக் கெடுப்பவற்றில் இரைச்சலோடு புகையும் வாடையும் பேர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. 100 மீட்டருக்குள் இருப்பவர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளிவரை இழப்பீடு கேட்கலாம். வழக்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஒரு அறை வாடகைதாரர். அந்த அம்மா உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னால் போதும், நீங்கள் வேறு அறை தேட வேண்டியிருக்கும்.

மேலே போய், எந்த நேரம் அவருக்குக் கஷ்டம் என்று நீங்களே கேளுங்கள். புகைக்கிறவர் தானாக வந்து கேட்டால் எதிராளி பாதி இறங்கிவிடுவார். அநேகமாகத் துணி காயப்போடும் நேரமும் தூங்கும் நேரமும் சொல்வார். அந்த நேரங்களில் கீழே இறங்கி, கட்டடத்தை விட்டுத் தள்ளி நின்று புகைத்துவிட்டு வாருங்கள். சில வட்டாரங்களில் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சோம்பல்தான் இதில் பெரிய எதிரி, ஒத்துக்கொள்கிறேன்.

குளியலறையில் ஃபேனைப் போட்டுப் புகைத்தால் யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். பல கட்டடங்களில் அந்தக் குழாய் மேல் வீடுகளுக்கும் பொது, புகை நேராக அவர்கள் குளியலறையில் போய் நிற்கும். துண்டுச் சிகரெட்டை ஜன்னல் வழியாகச் சுண்டிவிடுவது தனிக் குற்றம். கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள், கீழ் வீட்டுத் துணியில் தீப்பிடித்தால் அபராதத்தோடும் முடியாது. மூடி உள்ள டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்சிகரெட்டுக்கு மாறிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம்.

வேறொருவர்: நான் அமெரிக்கா. "புகையில்லாக் கட்டடம்" என்று ஒப்பந்தத்தில் போட்டுத்தான் வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் தினமும் புகைக்கிறார்கள். எனக்கு ஆஸ்துமா.

பதில்: அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி மன்றாட வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருப்பதால் நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். அரசுப் பொதுக் குடியிருப்பாக இருந்தால் 2018 ஜூலை முடிவிலிருந்து வீட்டுக்குள்ளும், கட்டடத்திலிருந்து 25 அடிக்குள்ளும் தடை. தனியார் கட்டடத்தில் ஒப்பந்தமும் உங்கள் நகரத்து விதியும்தான் பேசும். வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டம் இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றைக் காக்கிறது, அந்தப் பட்டியலில் புகைப்பவர் இல்லை. ஆனால் உடல் ஊனம் இருக்கிறது. ஆஸ்துமா கடுமையானது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அதே கட்டடத்தில் வேறு வீடு மாற்றித் தரும்படி அந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஒப்பந்தத்தில் "புகை" என்றால் எதெல்லாம் என்றும் பாருங்கள், மின்சிகரெட் சில இடங்களில் சேராது. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரி என்றாலும், விசாவில் இருக்கிற நம்மவர்கள் யாரும் அதைத் தொட வேண்டாம். மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், குடிவரவில் போய் இடிக்கும்.

பிரிட்டனில் இருந்து ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். அங்கே இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதலும் ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் முதலும் பொது மாடிப்படியும் மூடிய நடைவழியும் தடை. வீட்டுக்குள் தடை இல்லை, ஒப்பந்தம் சொன்னால்தான் உண்டு.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்டினால் சாயங்காலம் இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லுங்கள், எல்லோரும் வேலை முடிந்து வந்து புகைக்கிற நேரம் அது. லிஃப்டிலிருந்து வாசல்வரை மூக்கைத் தீட்டிக்கொண்டு நடங்கள். சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் மஞ்சளாக இருந்தால் முன்பு இருந்தவர் வீட்டுக்குள்ளேயே புகைத்திருக்கிறார். ஒரு கோட்டு பெயின்ட் அடித்தாலும் அந்த மஞ்சள் கசிந்து வரும், வாடையும் வரும். சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள், இல்லையென்றால் காலி செய்யும்போது அந்தக் கறைக்கான பணத்தை உங்கள் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.