முஹர்ரம் 1 அன்று ஹிஜ்ரத் நடக்கவில்லை என்றால் அது எப்படிப் புத்தாண்டு?

தாள்கட்டி:
சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் பக்கம் அமைக்கிறேன். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரி தேதியும் போடுவோம். போன தடவை முஹர்ரம் 1 தாளின் அடியில் இருக்கும் குட்டிக் கட்டத்தில், ‘நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்ட நாள்’ என்று நானாகவே ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஒரு பெரியவர் போன் செய்து, “தம்பி, அவங்க போனது ரபீஉல் அவ்வல்ல. ரெண்டு மாசம் முந்திட்டீங்களே” என்று சிரித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஹிஜ்ரத் என்கிற அந்தப் பயணம் மூன்றாவது மாதமான ரபீஉல் அவ்வலில் என்றால் ஆண்டு ஏன் முதல் மாதமான முஹர்ரத்தில் தொடங்குகிறது? பிறந்த நாளிலிருந்து ஏன் எண்ணவில்லை? முடிவு செய்தது நபிகளா, வேறு யாராவதா?

பழைய கருவூலம்:
தம்பி, 31 வருடம் சார்நிலைக் கருவூலத்தில் பில் பார்த்தவன் நான். இந்தக் கதையை எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சொன்னபோது, மற்றவர்கள் பக்தியோடு கேட்டார்கள். எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஏனென்றால் ஹிஜ்ரி ஆண்டு பிறந்ததே ஒரு தேதிக் குழப்பத்தில்தான்.

நபி (ஸல்) அவர்கள் இருந்தவரை ஆண்டுக்கு எண் போடும் வழக்கம் ஊன்றவில்லை. ஏதாவது பெரிய சம்பவத்தை வைத்து ‘யானை ஆண்டு’ என்பதுபோலச் சொல்வார்கள். அடுத்து வந்த அபூபக்ர் (ரலி) ஆட்சி 2 ஆண்டும் சில மாதங்களும்தான். அதுவும் கிளர்ச்சிகளை அடக்குவதில் கழிந்தது. 634இல் உமர் (ரலி) கலீஃபாவாக, அதாவது ஆட்சித் தலைவராகப் பொறுப்புக்கு வந்தபின் நாடு மளமளவென்று விரிந்தது. இராக்கின் பஸ்ரா, கூஃபா, ஷாம் (சிரியா பக்கம்) என்று எல்லாத் திசைக்கும் கடிதம் போகிறது, பணம் வருகிறது. அப்போது உமரிடம் ஒரு கடன் சீட்டு வந்ததாம். தவணை ‘ஷஅபான்’ என்று மாதப் பெயர் மட்டும் இருந்தது. “எந்த ஷஅபான்? போனதா, இப்போது நடப்பதா, வரப்போவதா?” என்று கேட்டார். பஸ்ராவின் ஆளுநர் அபூமூசா அல்அஷ்அரீயும், உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் தேதியே இல்லை என்று எழுதியதாக இன்னொரு செய்தி. ஆண்டு போடாத வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு மார்ச் 31 அன்று முழித்தவனுக்கு இந்த வேதனை புரியும்.

ஆலோசனை நடந்தது ஹிஜ்ரி 16 அல்லது 17 வாக்கில். பாரசீகர் முறையில் போகலாம் என்றார்கள். அங்கே அரசர் மாறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ரோமர் கணக்கோ அலெக்சாந்தர் காலத்துக்குப் போகிறது, நமக்கு ரொம்ப நீளம் என்று அதையும் விட்டார்கள். நபியவர்கள் பிறந்த நாள், வஹீ (இறைச்செய்தி) வந்த நாள் எல்லாம் பேச்சில் வந்தன. பிறந்த நாளில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. மறைந்த நாளைப் புத்தாண்டாக்க யாருக்கு மனசு வரும்? மதீனாவுக்கு வந்தது மட்டும் எல்லாரும் கண்ணால் பார்த்தது. வாசலில் நின்று வரவேற்றவர்களே அந்தச் சபையில் இருந்திருப்பார்கள்.

நஜஃப் வாசகன்:
ஹிஜ்ரத்திலிருந்து எண்ணச் சொன்னது அலீ (அலை) அவர்கள். அதை விட்டுவிட்டீர்களே.

பழைய கருவூலம்:
விட்டது என் தப்புதான். யோசனை அலீ அவர்களுடையது, முடிவு உமருடையது. முஹர்ரத்திலிருந்து தொடங்கலாம் என்றவர் உஸ்மான் (ரலி) என்று ஒரு செய்தி உண்டு. அப்படியானால் இரண்டாம், மூன்றாம், நான்காம் கலீஃபாக்கள் ஒரே அறையில் உட்கார்ந்து காலண்டர் பேசியிருக்கிறார்கள். மூவருமே பின்னால் கொல்லப்பட்டவர்கள். அதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

ஏன் முஹர்ரம்? மாதங்களின் வரிசையை இவர்கள் கலைக்கவில்லை. ஹஜ் முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பும் மாதம் அது. கணக்கைப் புதிதாகத் தொடங்கத் தோதான நேரம். இன்னொரு காரணமும் சொல்வார்கள்: மதீனாக்காரர்கள் மக்கா பக்கத்து அகபாவில் நபியவர்களுக்கு உறுதிமொழி கொடுத்தது கடைசி மாதமான துல்ஹஜ்ஜில், அதற்கடுத்துப் பிறந்த பிறை முஹர்ரம், ஆகவே கிளம்பும் எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது என்று. பின்னால் வந்த அறிஞர்களின் விளக்கம் இது. அழகாக இருக்கிறது, ஆனால் நான் ஹஜ் காரணத்தைத்தான் நம்புகிறேன்.

சந்தேகப்பேர்வழி:
எல்லாம் நூறு இருநூறு வருடம் கழித்து ஏட்டில் ஏறிய கதைகள்தானே? அந்தக் காலத்துச் சீட்டு ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா?

கல்லெழுத்துக் கிறுக்கன்:
இருக்கிறது, அதுவும் ஆட்டுக் கணக்கு! எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ரசீது, இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. கிரேக்கம், அரபு இரண்டிலும் எழுதியது. படைக்காக அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற தளபதி அஹ்னாஸ் ஊராரிடம் 65 ஆடு வாங்கியதற்கான ஒப்புகை; அதை வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். அரபுப் பகுதியின் தேதி: ஜமாத்துல் அவ்வல், ஆண்டு 22. கிரேக்கத் தேதியோடு ஒட்டிப் பார்த்தால் 643 ஏப்ரல். உமர் உயிரோடு இருக்கும்போதே எழுதியது. ‘ஹிஜ்ரி’ என்ற சொல் அதில் இல்லை, வெறும் 22தான். எங்கிருந்து எண்ணுகிறோம் என்று சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு ஐந்தாறு வருடத்தில் பழகிவிட்டது.

இன்னொன்று சவூதியின் வடமேற்கில், அல்உலா பக்கம் ஒரு பாறையில் இருக்கிறது. ஸுஹைர் என்பவர், உமர் இறந்த காலத்தில், ஆண்டு இருபத்து நான்கில் இதை எழுதினேன் என்று செதுக்கியிருக்கிறார். அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்ற பட்டம்கூட இல்லை, உமர் என்று மட்டும்தான்.

பழைய கருவூலம்:
அட, 24ஆ! உமர் (ரலி) துல்ஹஜ் கடைசியில் சுப்ஹு (அதிகாலைத்) தொழுகையில் குத்தப்பட்டார், அது 23. அடக்கம் 24 முஹர்ரம் 1 அன்று என்று படித்திருக்கிறேன். அந்தப் பாறைக்காரரின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தாள்கட்டி:
எல்லாருக்கும் நன்றி. சார், கட்டத்தில் இடம் இரண்டே வரிக்குத்தான். என்ன போடட்டும்?

பழைய கருவூலம்:
‘ஹிஜ்ரத் நடந்த ஆண்டைக் கொண்டு எண்ணும் புத்தாண்டு’ என்று போடுங்கள். புறப்பட்ட நாள் என்று மட்டும் வேண்டாம். அந்தப் பெரியவருக்கு ஒரு காலண்டர் இலவசமாக அனுப்பிவிடுங்கள்.