கோடை விடுமுறைக்குத் திருவெண்காட்டு அர்த்தநாரியைத் தஞ்சாவூருக்கு வரவழைக்கலாமா?

கரந்தைக்காரன்:

சித்திரை பிறந்துவிட்டால் தஞ்சாவூர் வருகிற குடும்பங்கள் காலை ஏழு மணிக்கே பெரிய கோயிலைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் தரைக்கல்லில் கால் வைக்க முடியாது. அப்புறம் நிழலுக்காக அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருகிறார்கள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவனின் செப்புப் படிமம், நிற்கிறார். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், எழுந்தருளுவித்த திருமேனி. ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிற கோலம். காளை இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் காளையின் உயரம்கூடத் தெரியும். பக்கத்தில் அடுத்த ஆண்டு செய்த அம்மன்.

அதே திருவெண்காட்டு மண்ணில் கிடைத்த அர்த்தநாரி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். சிவன் பக்கம் இரண்டு கை, அம்மை பக்கம் ஒரு கை. இடுப்பு வளைவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எப்படி மாறுகிறது என்று நின்று பார்த்தால் நேரம் போவது தெரியாது.

என் யோசனை இதுதான்: ஒரே ஒரு கோடைக்கு, மே மாதம் மட்டும், அர்த்தநாரியைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து ரிஷபவாகனருக்கு எதிரே நிறுத்த வேண்டும். ஓர் ஊர்ப் பட்டறையின் கை இரண்டு விதமாக யோசித்ததைப் பிள்ளைகள் ஒரே அறையில் பார்க்கட்டும்.

பழைய பெட்டகம்:

தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் நான் முப்பது வருஷத்துக்கு மேல் உலோகப் படிமங்களைச் சுத்தம் செய்து, பாதுகாத்து ஓய்வு பெற்றவன். வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதுவும் மே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

மண்ணுக்கடியில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த செம்புக் கலவைக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். காற்று வறண்டிருக்கும் வரை அது தூங்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை உள்ளேயிருந்து தின்னும். மேலே இருக்கும் கரும்பச்சைப் படலம் வேறு, அது படிமத்தின் தோல் மாதிரி, காப்பாற்றும். இந்த வெளிர்பச்சை நோய். டெல்டாவின் கோடை வறண்டது என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் கடல்காற்று ஏறும், நடுவில் ஒருநாள் கோடைமழை கொட்டும், மறுநாள் புழுக்கம்.

இன்னொன்று. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த உலோகத்தை வெக்கையில் திறந்தால் குளிர்ந்த சொம்பில் வேர்ப்பது போல வேர்க்கும். பெட்டியை இறக்கிவைத்து ஒருநாள் முழுக்கத் திறக்காமல் விட வேண்டும். விழாவுக்கு ஆள் வந்து காத்திருக்கும்போது அதைச் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

ஊர் பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் பத்து நாள் கண்காட்சிக்கு ஒரு சின்ன அம்மன் படிமத்தை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சுற்றியிருந்த பஞ்சில் ஈரம். யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசியில் அலமாரியைத் திறந்தால் முழங்கைக்குக் கீழே பச்சைப் பொடி. சிகிச்சை செய்தோம், நின்றது. ஆனால் விரல் நகத்தின் கோடு போனது போனதுதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மெழுகில் கீறிய கோடு அது.

கரந்தைக்காரன்:

ஐயா, நீங்கள் சொன்ன நோய்க்கு மருந்து போடுகிற இடமே எழும்பூர்தானே? 1930இலேயே படிமங்களைப் பாதுகாக்கத் தனி ஆய்வுக்கூடம் வைத்த அருங்காட்சியகம் அது. அங்கிருக்கும் அறிவைக்கொண்டு 340 கிலோமீட்டர் ஒரு பெட்டியை ஒழுங்காகக் கொண்டுவர முடியாதா? ஒருநாள் திறக்காமல் வைக்க வேண்டுமா, வைப்போம். விழாவை மூன்றாம் நாள் தொடங்குவோம். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிப் பேழை செய்வோம். அந்தப் பேழை தஞ்சையிலேயே தங்கினால் ரிஷபவாகனருக்கும் நல்லதுதானே.

எங்கள் கலைக்கூடம் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். தஞ்சையின் கரந்தையில் இருந்த பிரம்மன் சிலையை வெளியூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகக் கேட்டபோது ஊர்க்காரர்கள் விடவில்லை, அந்தச் சண்டையிலிருந்துதான் 1951இல் இந்தக் கூடம் வந்தது என்பார்கள். ஊரில் பார்க்க வேண்டியதை ஊரிலேயே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் இதற்கு அடித்தளம். அதே பிடிவாதத்தோடுதான் ஒரு மாதம் கேட்கிறேன்.

பழைய பெட்டகம்:

அந்தக் கதையே என் பக்கம்தான் பேசுகிறது, தம்பி. சிலையை நகர்த்தாதே என்று நின்றவர்களின் கூடம் அது.

பாட்னாவின் திதர்கஞ்ச் யட்சி கற்சிலையை நினைத்துப் பாருங்கள். 1980களில் வெளிநாட்டு விழாவுக்குப் போனாள், கன்னத்தில் பள்ளத்தோடு வந்தாள். அனுப்பியவர்களும் வாங்கியவர்களும் அறிவில்லாதவர்கள் இல்லை. சோழர் படிமம் உள்ளே வெற்றிடம் இல்லாத கனவார்ப்பு, பார்ப்பதைவிடப் பாரம் அதிகம். தூக்கும்போது எங்கே பிடிக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அர்த்தநாரியின் அம்மை பக்கத்துக் கை எவ்வளவு மெல்லியது என்று பார்த்தவர் நீங்கள்.

மணிகர்ணிகை:

இரண்டு பேரும் தஞ்சாவூரா எழும்பூரா என்று பேசுகிறீர்கள். நான் திருவெண்காட்டுக்காரி. எங்கள் கோயில் மண்ணிலிருந்து வந்த சாமிகள் இவர்கள். அவர்களைப் பார்க்க நான் இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூர் போகணும், இல்லையென்றால் ராத்திரி ரயிலேறிப் பட்டணம் போகணும். எங்கள் ஊருக்குப் புதன் பரிகாரத்துக்கு தினமும் வண்டி வண்டியாக வருகிறார்கள். முக்குளத்தில் குளித்து, அகோரமூர்த்தியைக் கும்பிட்டுப் போகிறார்கள். உலகமே பேசுகிற ரிஷபவாகனர் இந்த ஊர்க்காரர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. என் அம்மா எழுபது வயது வரை பார்க்கவில்லை. நான் கூட்டிப்போனபோது கண்ணாடிக்கு முன்னால் நின்று கைகூப்பினாள், “இங்க ஏன் தனியா நிக்கிறீங்க”ன்னு கேட்டாள். கோடைக் கண்காட்சி வைப்பதென்றால் எங்கள் ஊரில் வையுங்கள்.

பழைய பெட்டகம்:

அம்மா, உங்கள் தாயார் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பூமியிலிருந்து கிடைத்தது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் போயிற்று. காவலையும் யோசிக்க வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் தன் கோயிலிலிருந்து திருட்டுப் போய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போனார். 2014இல்தான் திரும்பினார்.

மணிகர்ணிகை:

ஆள் போகாமல் பூட்டிக் கிடந்த கோயில் அது, ஐயா. எங்கள் ஊரில் விடியற்காலையிலிருந்து கூட்டம். ஆள் பார்க்கும் இடத்தில் திருடன் வரமாட்டான். மீட்டு வந்த எத்தனையோ சாமிகளும் அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குள்தானே இருக்கிறார்கள்? பாதுகாப்பு என்றாலே எங்கள் கண்ணிலிருந்து தள்ளிவைப்பது என்று ஆகிவிட்டது.

சுவாமிமலை மெழுகு:

அண்ணன்மாரே, அக்கா, நான் சுவாமிமலையில் பட்டறை வேலை பார்க்கிறவன். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் உலோகம் ஊற்றுகிறோம். அன்றைக்குத் திருவெண்காட்டுத் திருமேனிகளைச் செய்ததும் இந்த வழிதான். அர்த்தநாரிக்கு நாங்கள் ஒரு படி, அதாவது நகல், செய்து தருகிறோம். அசல் எழும்பூரிலேயே இருக்கட்டும். கண்காட்சியில் பிள்ளைகள் மெழுகைத் தொட்டுப் பார்க்கலாம். ரிஷபவாகனருக்குக் காணாமல் போன அந்தக் காளையையும் வார்த்து எதிரில் வைக்கலாமே? எவ்வளவு நாளாக நின்றுகொண்டே இருக்கிறார்.

கரந்தைக்காரன்:

தம்பி, மெழுகு வேலையைப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டுங்கள், அதற்கு நான் முழு மனதோடு சம்மதம். அர்த்தநாரிக்குப் படி வேண்டாம். படியைப் பார்க்க யாரும் வெயிலில் வரமாட்டார்கள், வந்தாலும் பார்த்தோம் என்று எண்ணிவிட்டு அசலைத் தேடிப் போகமாட்டார்கள்.

காளை விஷயத்தில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. நான் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தக் கையைக் காட்டி “இவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறார்?” என்று கேட்பேன். முதலில் தூண் என்பார்கள், சுவர் என்பார்கள். யாராவது ஒரு பெண் தன் தோழி தோளில் கைபோட்டுப் பார்த்து, “உசுருள்ளது மேலதான் இப்படி சாய முடியும் சார்” என்பாள். கல்மேல் சாய்கிற கைக்கும் உயிர்மேல் சாய்கிற கைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சிற்பி விரலில் வைத்திருக்கிறார். காளையை வார்த்து வைத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

சுவாமிமலை மெழுகு:

நீங்கள் சொன்னதை எங்கள் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். காளையை வார்க்க வேண்டாம், பிள்ளைகளே மெழுகில் ஆளுக்கொன்று பிடிக்கட்டும் என்கிறார். எந்த உயரத்தில் இருந்தால் அந்தக் கை சரியாகப் படியும் என்று அவர்களே அளந்து செய்யட்டும். மெழுகும் குங்கிலியமும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

பழைய பெட்டகம்:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சரியாகச் சொல்ல வரவில்லை. இருக்கும் ஒரு படிமத்தை முப்பது நாள் இப்படிக் காட்டினால் அது கோடைக் கண்காட்சி. அர்த்தநாரியை அசைக்காதீர்கள். மெழுகு உருக்குவதையும் படிமம் இருக்கும் கூடத்துக்குள் செய்யாதீர்கள், புகை ஆகாது. முற்றத்தில் வையுங்கள்.

கரந்தைக்காரன்:

முற்றத்தில் வைப்போம், ஐயா. ஆனால் அர்த்தநாரியை விடமாட்டேன். மே மாதம் ஆகாது என்றால் பனி விலகிய மாசியில் கேட்பேன். பள்ளி நாள்தான், நானே விடுப்புக் கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவருவேன்.

பழைய பெட்டகம்:

மாசி என்றால் பேழையின் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன். சம்மதம் என்று சொல்லவில்லை.

மணிகர்ணிகை:

மாசியோ வைகாசியோ, எங்கள் ஊரில் வைக்க மாட்டீர்கள் என்பது புரிகிறது. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன். இப்போதைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் நாற்பது பேரை மே இரண்டாம் வாரம் வேனில் தஞ்சாவூர் கூட்டிவருகிறேன். அவர்கள் ஊர்ச் சாமியை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பீர்கள்?

கரந்தைக்காரன்:

நான் வாசலில் நிற்கிறேன், அக்கா. ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிவாருங்கள்.