‘கடத்துநூல்’ வேண்டாம், ‘மின்சரிகை’ எனலாமா?

அன்புள்ள ஐயா, கலைச்சொல் குழும நண்பர்களே, வணக்கம்.

உடையில் எல்.இ.டி. விளக்குகளைத் தைத்து இணைக்க உதவும் உலோக நூலுக்குத் தாங்கள் முன்மொழிந்த ‘கடத்துநூல்’ பொருளளவில் பிழையற்றது. ஆனால் காட்பாடியில் எங்கள் தெருத் தையற்காரரிடம் அதைச் சொன்னபோது, ‘யார் எதைக் கடத்தினார்கள்?’ என்றுதான் கேட்டார். ‘மின்னூல்’ மின்புத்தகத்துக்கும் ‘மின்னிழை’ குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழைக்கும் வழங்கிவிட்டன. எனவே ‘மின்சரிகை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இது தையல் மேசையில் கிடைத்த சொல். பள்ளி ஆண்டுவிழாவுக்காக மகளின் கறுப்புச் சட்டைக் கையில் ஆறு சிவப்பு எல்.இ.டி.களை முதலில் மெல்லிய செம்புக் கம்பியால் பற்றவைத்தேன். முழங்கை மடிப்பில் இரண்டே நாளில் கம்பி முறிந்தது. பிறகு எஃகு நூல் வாங்கிக் கொடுத்தேன். மேல் நூலாகக் கோத்தால் அதன் பிசிறு ஊசிக் காதை அடைப்பதைக் கண்ட தையற்காரர், பாபினில் சுற்றி அடி நூலாக ஓட்டிவிட்டு, ‘சரிகை ஓட்டுவது போலத்தான் இருக்கிறது’ என்றார். அதன் பின்னும் கையை மடக்கினால் பேட்டரியின் நேர், எதிர் முனைகளுக்குச் செல்லும் நூல் வரிசைகளின் முடிச்சுப் பிசிறுகள் ஒன்றையொன்று தொட்டு எல்லா விளக்குகளும் அணைந்தன. வரிசைகளை விரலகலம் விலக்கி, பிசிறை ஒட்ட நறுக்கி, முடிச்சுகளின் மேல் நகப்பூச்சைத் தடவிய பிறகே அந்தத் தொல்லை நின்றது. செம்பைவிட எஃகு நூலுக்கு மின்தடை மிக அதிகம் என்பதால் 3 வோல்ட் பட்டன் பேட்டரிக்குத் தொலைவில் இருந்த விளக்குகள் மங்கின. அங்கே நூலை இரட்டையாக ஓட்ட வேண்டியிருந்தது.

எஃகு நூல் சாம்பல் நிறமுடையது, ‘மின்’ என்றாலோ பளபளப்பு என்று பொருள்படுமே என்று தாங்கள் மறுக்கக்கூடும். மின்விசிறி பளபளக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. மேலும் அசல் சரிகை என்பதே பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதுதான். 1989 வரை நம் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஆரணியில் நெய்த அம்மாவின் பழைய பட்டுப்புடவையில், பிரிந்து தொங்கிய ஒரு சரிகை இழையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். மின்னோட்டம் செல்வதைக் காட்டும் பீப் ஒலி கேட்டது. புதிய புடவையின் பாலியெஸ்டர் சரிகையில் ஒலியே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1990களில் துணியிலேயே மின்சுற்று அமைக்க முனைந்தவர்களும், பட்டு இழையில் உலோகத் தகடு சுற்றி நெய்த ஆர்கன்சா என்ற மெல்லிய துணியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

‘மின்சரிகைத் தையல்’, ‘மின்சரிகை முடிச்சு’ என்று இச்சொல் இயல்பாகக் கிளைக்கிறது. எல்.இ.டி.க்குப் பாடநூலில் உள்ள ‘ஒளி உமிழ் டையோடு’ போதும். அதை மாற்ற வேண்டியதில்லை. நம் பட்டியலுக்கான பதிவு வரைவு இது:

மின்சரிகை: துணியில் ஊசியால் தைக்கக்கூடியதும் மின்னோட்டத்தைச் செலுத்தக்கூடியதுமான உலோக நூல் அல்லது உலோகம் சுற்றிய நூல். மின்கடத்தாப் பூச்சுள்ள அலங்காரச் சரிகை இதில் சேராது.

கடைசி வரியைத் திருத்த வேண்டுமானால் தெரிவியுங்கள், ஐயா.