பழைய நிசான் மைக்ரா: எந்த மாடல் எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன். அப்பா அம்மாவையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போக ஒரு பழைய மைக்ரா கார் பார்க்கிறேன். ரெண்டு வண்டி கைக்கு எட்டுது.

ஒண்ணு புதுச்சேரியில, 2011 எக்ஸ்வி டீசல். பட்டன் ஸ்டார்ட் எல்லாம் இருக்கு, உள்ளே சுத்தமா வச்சிருக்காங்க. ஆனா 1461 சிசி டீசல் இன்ஜின்ல டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கிற ரப்பர் பட்டை). மாத்தினதுக்கு பில் இல்லை. ஓடும்போது அறுந்தா இன்ஜினே போயிடும். பிஒய் (புதுச்சேரி) நம்பர்ங்கறதால என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி கடலூர் டிஎன் 31 நம்பருக்கு மாத்தி, இங்கே வரியும் கட்டணும். 15 வருஷ ஆர்சி வேற முடியற நேரம்.

இன்னொண்ணு கடலூர்லயே, 2014 மைக்ரா ஆக்டிவ் பெட்ரோல். 2013ல புது முகத்தோட மைக்ரா வந்தப்போ, பழைய முகத்துலயே விலை குறைச்சு விட்ட மாடல் இது. மூணு சிலிண்டர், பெல்ட்டுக்குப் பதிலா டைமிங் செயின். அதனால பெல்ட் கவலை இல்லை. எனக்கு மனசு இதுலதான்.

தயக்கம் ஒண்ணுதான். பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், அடிப்பகுதியில பழுப்பா ஒரு கோடு. ஸ்டெப்னி குழியிலயும் துரு. 2015 வெள்ளத்துல நின்ன வண்டியா, இல்லை வெறும் உப்புக்காத்துத் துருவா? கார்பெட்டைத் தூக்க ஓனர் விடலை.

வயரிங் பார்க்கத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க. மைக்ரா வச்சிருக்கிறவங்க, உதிரி பாகம் இப்போ எங்கே வாங்குறீங்க?