மண்ணுக்கடியில கரண்டு கேபிள் இருக்கான்னு எப்படி பாக்கறது?

கேள்வி: வாளையாறு தாண்டி கேரளா பக்கம் தண்ணி பைப் பதிக்கற வேலை எடுத்திருக்கேனுங்க. ரோட்டோரம் லோ வோல்டேஜ் கேபிள் போகுதாம், ஜேசிபி விடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. முதல்ல கேஎஸ்இபி (கேரளா கரண்டு போர்டு) செக்ஷன் ஆபீஸ்ல ரூட் மேப் கேளுங்க, ஆனா ரோடு அகலப்படுத்தியிருந்தா மேப்ல இருக்கற ஆழத்தை நம்பிராதீங்க.

பதில்: மண்ணுக்கடியில கேபிள் எங்க போகுதுன்னு காட்டற கேபிள் லொகேட்டர் மெஷினை வாடகைக்கு எடுங்க. கரண்டு ஓடற கேபிளை மட்டும் பிடிக்கற பவர் மோடுல சத்தம் வரலைன்னா கேபிளே இல்லைன்னு அர்த்தமில்லீங்க, தெருவிளக்கு லைன்ல பகல்ல லோடு ஓடாது பாருங்க, அதெல்லாம் டிரான்ஸ்மிட்டர் வெச்சு சிக்னல் விட்டாத்தான் பிடிபடும். மார்க் பண்ணிட்டு அதுக்கு நேர் மேல இல்லாம பக்கவாட்டுல கையால தோண்டுங்க, கடப்பாரையை கண்ணுலயே காட்டாதீங்க. மணலோ செங்கல் வரிசையோ வந்தா அதுக்குக் கீழ கேபிள் இருக்கலாமுங்க, மெதுவா போங்க.

கேட்டவர்: கருப்பு பைப் ஒண்ணு தெரியுது, பழைய தண்ணி லைன்தானுங்களே?

பதில்: சாமி தொடாதீங்க! கேபிளையும் அதே மாதிரி கருப்பு பைப்ல விடுவாங்க. 230 வோல்ட்டே ஆளை அடிக்கும். லைன்மேன் வந்து ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணட்டும்.