ரோல் சென்டர்: ‘உருள் மையம்’ சரிப்படவில்லை, ‘ஒருக்களிப்பு மையம்’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டருக்குத் தமிழில் ‘உருள் மையம்’ என்று போன மாதம் இங்கே பேசி முடித்தோம். அப்போது சரி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது அதை மாற்றிக்கொள்ளக் கேட்கிறேன். அந்தச் சொல்லை ஒரு வேலையிடத்தில் பயன்படுத்திப் பார்த்தேன், அங்கே அது நிற்கவில்லை.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பழைய கிட்டங்கி ஒன்றின் சிமெண்டுத் தளம் சும்மா கிடக்கிறது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிறு காலைகளில் அங்கே கூம்புகளை வைத்து ஆட்டோகிராஸ் பழகுகிறோம். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும். வளைந்து வளைந்து போய், கூம்பைத் தட்டாமல், எத்தனை விநாடியில் திரும்புகிறோம் என்பதுதான் கணக்கு. என்னுடையது வாரம் முழுக்க வேலைக்கு ஓடும் முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக். உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) போட்டு 40 மி.மீ. இறக்கியிருந்தேன். தாழ்ந்த வண்டி வளைவில் தட்டையாக நிற்கும் என்று நம்பினேன்.

நடந்தது வேறு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு நேராகவே போகப் பார்த்தது. டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தோம். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தது. டயர் அவ்வளவு மடங்கி, தோளில் நின்று ஓடியிருக்கிறது.

காரணத்தைத் தளத்திலேயே சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். என்னுடையதைப் போன்ற மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டிக்கு வரைவது இப்படி: ஸ்ட்ரட்டின் மேல் முனையிலிருந்து, ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தாக, உள்பக்கமாக ஒரு கோடு. சக்கரத்தின் அடியை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் போகும் திசையிலேயே உள்பக்கமாக இன்னொன்று. இரண்டும் வெட்டும் புள்ளியிலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு. அந்த மூன்றாவது கோடு வண்டியின் நடுக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அதுதான் நாம் பெயர் தேடும் புள்ளி. வண்டியின் உடல் பக்கவாட்டில் சாயும்போது அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டுதான் சாய்கிறது.

வண்டியை இறக்கினால் உடலும் அதோடு சேர்ந்த லோயர் ஆர்மின் உள்முனையும் கீழே வரும். சக்கரத்தோடு இருக்கும் வெளிமுனை அதே உயரத்தில் நிற்கும். ஆர்ம் உள்நோக்கிக் கீழே சரிந்துவிடும், கோடுகள் வெட்டும் இடம் தாழ்ந்துவிடும். என் வரைபடத்தில் உடலின் ஈர்ப்பு மையம் 40 மி.மீ. இறங்க, இந்த மையம் 70 மி.மீ. இறங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் 45 செ.மீ. இருந்த தூரம் 48 ஆகிவிட்டது. உடலைச் சாய்க்கும் திருப்புத்திறன் விசையையும் இந்தத் தூரத்தையும் பெருக்கி வருவது. ஆகவே அதே வேகம், அதே வளைவு, ஆனால் சாய்க்கும் திருப்புத்திறன் ஆறேழு விழுக்காடு கூடுதல். ஸ்பிரிங்கை அதற்கேற்ப விறைப்பாக்காவிட்டால் இறக்கிய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். இறக்கியதில் சக்கரம் மேலே ஏற இருந்த இடமும் குறைந்துவிட்டது. அது தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டி முன்பக்கம் சட்டென்று விறைத்துப்போகும்.

இதை எனக்கு உதவும் மெக்கானிக் தம்பிக்கு விளக்கும்போது, “உருள் மையம் ரொம்பக் கீழ போயிருச்சு தம்பி” என்றேன். அவர் சக்கரத்தின் நடுவைப் பார்த்தார். “உருள்றதுக்கு மையம்னா ஆக்சில்தானேண்ணே? அது எப்படிக் கீழ போகும்?” என்று கேட்டார். அவர் கேட்டது முழு நியாயம். தமிழில் உருளுவது சக்கரம். பள்ளிப் பாடத்தில் உருளும் உராய்வு என்று படிக்கிறோம். போதாததற்கு, “கார் உருண்டிருச்சு” என்றால் கவிழ்ந்துவிட்டது என்றுதான் ஊரில் பொருள். மூன்று நான்கு பாகை சாய்வதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

பிறகு நானே ‘சாய்வு மையம்’ என்று மாற்றிச் சொன்னேன். அடுத்த வரியிலேயே மாட்டிக்கொண்டேன். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கேம்பருக்குச் சக்கரச் சாய்வு என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். “வண்டி சாயும்போது வெளிச்சக்கரத்தின் சாய்வு போதாமல் போகிறது” என்றால் எது உடலுடையது, எது சக்கரத்துடையது என்று கேட்பவர் தேட வேண்டியிருக்கிறது. இறக்கிய வண்டியில் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் இருக்கவே முடியாது. ‘ஆட்டம்’ என்று ஒரு அக்கா முன்பு எழுதியிருந்தார். அது பட்டறையில் வேறு பொருளில் ஊறிப்போன சொல். லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்து லொடலொடத்தால் “ஆட்டம் இருக்கு” என்பார்கள். அதைத் தொட வேண்டாம்.

அந்தத் தம்பியின் அப்பா கடல்தொழில் செய்தவர், பாய் வத்தை (பாய்மரப் படகு) ஓட்டியவர். எங்கள் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “காத்து பாய்ல அடிச்சா வத்தை ஒருக்களிச்சு ஓடும்ல, அது மாதிரிதானே சொல்றீக?” என்றார். அதேதான். காற்று பாயில் மேலே தள்ளுகிறது, தண்ணீர் கீழே உடலைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடினால் வத்தை அதிகம் ஒருக்களிக்கும். அதனால்தான் காற்று வரும் பக்கம் பலகையை நீட்டி அதன்மேல் ஆள் ஏறி உட்காருகிறார்கள். தம்பிக்கு அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப ஒருக்களிக்கிற புள்ளியை மேல தூக்கணும்” என்று அவரே சொன்னார்.

ஆகவே என் முன்மொழிவு: ரோல் என்பதற்கு ஒருக்களிப்பு. ரோல் சென்டர் ஒருக்களிப்பு மையம். முன்சக்கரங்களுக்கான மையத்தையும் பின்சக்கரங்களுக்கான மையத்தையும் இணைக்கும் கோடு ஒருக்களிப்பு அச்சு. ஈர்ப்பு மையத்துக்கும் அந்த அச்சுக்கும் உள்ள தூரம் ஒருக்களிப்புக் கை. ஒருக்களித்துப் படுப்பது எல்லா ஊரிலும் தெரிந்த சொல். ஒரு பக்கம் திரும்புவதும், கவிழாமல் இருப்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்டி ரோல் பாருக்கு மட்டும் ‘எதிர்’, ‘தடுப்பு’ என்று ஒட்டுப்போட வேண்டாம் என்பது என் எண்ணம். ஒருக்களிக்கும் உடலை அது முறுக்கேறி நிமிர்த்துகிறது, எனவே நிமிர்த்துதண்டு. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். வரைவைப் பார்த்த மதுரை ஐயா, ‘ஒரு களிப்பு’ என்று படித்துவிடுவார்கள் என்றார். க் என்ற ஒற்றை விடாமல் எழுதினால் அந்தக் குழப்பம் வராது. நீளம் என்று இன்னொருவர் சொன்னார். எழுத்துகள் கூடுதல்தான், ஆனால் கேட்டவுடன் விளங்கும் சொல்லுக்கு அந்த நீளத்தைத் தாங்கலாம். விமானத்துக்கும் இதே ஆங்கிலச் சொல்தானே என்பது மூன்றாவது. விமானம் முழுச் சுற்றும் சுற்றக்கூடியது, அதற்கு உருளல் இருக்கட்டும். அங்கே ஒரு சொல் என்பதற்காக இங்கேயும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

வண்டியின் நிலை கேட்டவர்களுக்கு: 15 மி.மீ. மறுபடி உயர்த்தினோம். திருகு உப்புக்காற்றிலும் மணலிலும் இறுகிப்போய் அரை நாள் எடுத்தது. கடற்கரையில் இந்த ஸ்ட்ரட் வைத்திருப்பவர்கள் நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் தடவி வையுங்கள். லோயர் ஆர்மின் வெளிமுனையைத் தாழ்த்த 20 மி.மீ. நீளக் கூடுதலான பால் ஜாயின்ட் போட்டோம். அதே அளவு, ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் வெளிமுனையான டை ராடு எண்டையும் தாழ்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகத் திரும்பும். சக்கரச் சாய்வை உள்பக்கம் 2 பாகையில் நிறுத்தினேன். களத்துக்கு இன்னும் அரைப் பாகை நல்லதுதான், ஆனால் வாரம் முழுக்க இதே டயரில் இராமநாதபுரம் போய் வருகிறேன், உள் ஓரம் தேய்ந்துவிடும். இப்போது சாக்பீஸ் கோடு முக்கோணத்தின் நுனியோடு நிற்கிறது.

தானாகத் திரும்பும் அந்தக் குணத்துக்கும் ஒரு சொல் வேண்டும், அதைத் தனி மடலில் கேட்கிறேன். வரும் ஞாயிறு இன்னும் இரண்டு வண்டிகளை அளந்து தளத்தில் வரையப்போகிறோம். வெள்ளிக்குள் யாரும் இதைவிட நல்ல சொல் தராவிட்டால் அந்தப் புள்ளியின் பக்கத்தில் ‘ஒ.மை.’ என்று எழுதிவிடுவேன்.

அன்புடன்.