‘வீடு வரை உறவு’ பாட்டுக்குப் பட்டினத்தார் மட்டும்தானா மூலம்?

இரவுவானொலி:
1962இல் வந்த பாத காணிக்கை படத்துக்குக் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது. ‘வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ’ என்ற பல்லவி பட்டினத்தாரிடமிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அந்தப் பாடலை எடுத்துப் படித்தால் சந்தேகமே இல்லை: “அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே” (பொருளும் வாழ்வும் வீடு வரைதான்) என்று தொடங்கி, மாதர் வீதிமட்டே, மைந்தர் சுடுகாடு மட்டே என்று போய், “பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே” என்று முடியும். எனக்குக் கடைசி அடிதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பட்டினத்தார் பதிலைச் சொல்லிவிடுகிறார், கண்ணதாசன் ‘கடைசி வரை யாரோ’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கும் பழைய இலக்கியத்தில் வேர் உண்டா?

தெருமுனை:
இதற்கு மூலம் தேட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ச் சாவில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், மகன் கொள்ளி வைக்கக் காடு வரை போவான். இரண்டு பேரும் ஒரே வழக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கலாமே.

கலித்துறை:
வழக்கம் பொதுதான், ஆனால் வீடு, வீதி, காடு என்று அதே வரிசையில் அடுக்கியிருப்பதைத் தற்செயல் என்று விட முடியாது. இந்த அடுக்கு பட்டினத்தாருக்கே சொந்தமா என்பதும் கேள்விதான், ஏனென்றால் சமஸ்கிருதத்தில் ஒரு தனிச்செய்யுள் உண்டு: செல்வம் மண்ணோடு, மாடு தொழுவத்தோடு, மனைவி வாசலோடு, சுற்றம் சுடுகாட்டோடு, உடல் சிதையோடு, அப்புறம் வினை மட்டும் கூடவர உயிர் தனியே போகும். கண்ணதாசன் செய்த பெரிய மாற்றம் முதல் படியிலேயே இருக்கிறது. இந்த இரண்டிலும் முதலில் கழன்றுகொள்வது சொத்து, அவர் அந்த இடத்தில் உறவை வைத்தார். அதனால்தான் பாட்டு இவ்வளவு சுடுகிறது.

மந்திரமாலை:
கேள்வியின் வேர் திருமந்திரத்தில் இருக்கலாம் என்பது என் கணிப்பு. “ஊரெலாம் கூடி ஒலிக்க அழுதிட்டு” என்று தொடங்கும் பாடலில் பேரை நீக்கிப் பிணம் என்று பேரிடுகிறார்கள், சுடுகிறார்கள், “நீரினில் மூழ்கி நினைப்பொழிந்தார்களே” என்று முடிகிறது. புண்ணியம் பாவம் என்ற பேச்சே அங்கே இல்லை, மறந்துபோவதுதான் முடிவு. சரணத்தில் ‘சூனியத்தில் நிலைப்பு’ என்று கண்ணதாசன் எழுதியதையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1961இல்தான் அவர் ஈ.வெ.கி. சம்பத்தோடு திமுகவை விட்டு வெளியே வந்திருந்தார், அர்த்தமுள்ள இந்து மதம் எழுதிய கண்ணதாசன் அதற்கு ரொம்பப் பின்னால் வருகிறவர். 1962இல் அவர் வினையைப் பதிலாக வைக்காமல் விட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இரவுவானொலி:
அந்தத் திருமந்திரப் பாடலை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை, நன்றி. வினையை அவர் மறுத்துவிட்டார் என்று மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பட்டினத்தாரைப் படித்தவர்கள் ‘யாரோ’ என்று கேட்டதுமே அந்த நாலாவது அடியைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள், படிக்காதவர்களுக்கு அது வெறும் கேள்வியாகவே நிற்கும். இரண்டு பேருக்கும் இடம்விட்டு எழுதியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.